கடைசி நாலு

...இல்லை, பூட்டு எண்ணை மாற்றியாகிவிட்டது, காலையில்தானே மாற்றினாள், தன் கையாலேயே, பிறகு ஏன் இந்தப் பயம்... வாசல் எண்பூட்டில் யாரோ பொத்தான்களை அழுத்துகிறார்கள், பீப், பீப், பீப், பீப், அப்புறம் தப்பு என்று பூட்டு கத்துகிறது. கியூதே. அவனேதான். ஹேரிம் அடுப்பை அணைத்தாள், மூச்சைக்கூட அணைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. பனிக்காலம் முடியும்போதே முடிந்துபோன உறவு, செர்ரிப் பூக்கூட உதிர்ந்தாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும் அவனுக்கு? அடித்தானா, திட்டினானா என்று அம்மா கேட்டாள், என்னவென்று சொல்வது... ஒருநாள் வேலை விட்டு வந்து செருப்பு விடுகிற இடத்தைப் பார்க்கிறாள், அவன் காலணி இல்லை, நிம்மதியாக உள்ளே வருகிறாள், இருட்டில் சோபாவில் அவன், காலணியை மடியில் வைத்துக்கொண்டு... வீட்டுக்குள் வந்தவன் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காருவானா? அதைச் சொன்னால் அம்மா சிரிப்பாள். மறுபடி பீப், பீப்... மறுபடி தப்பு.

வாசல் கேமராவின் சிறு திரையைத் தொட்டாள், வெளிச்சம் வந்தது. வெங்காயத்தாள் கட்டு. அதன் பின்னால் சுருட்டைமுடி. மேல்மாடி வீட்டம்மா, இவள் அஜும்மா என்று கூப்பிடுகிறவள்.

“மன்னிச்சுக்கம்மா, மாடி மாறி இறங்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் நம்பரை மாத்தி என்னைத் துரத்திட்டார்னு ஒரு நிமிஷம் சந்தோஷமே பட்டுட்டேன் போ.”

ஹேரிமுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும்தான். பரவாயில்லை அஜும்மா, எண் மறந்துவிட்டதோ என்று எதையோ கேட்டுவைத்தாள்.

“எங்க மறக்குறது? அவரு போனோட கடைசி நாலு. கடையில சலுகைப் புள்ளி ஏத்தப் போன் நம்பர் கேக்குறப்பல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, கை தானா அங்கதான் போகுது.”

அஜும்மா போய்விட்டாள். போனபிறகும் அந்த வார்த்தை போகவில்லை... கை தானா. காலையில் எப்படி மாற்றினாள்? பிறந்தநாள் வேண்டாம், அவனைச் சந்தித்த நாள் வேண்டவே வேண்டாம், ஏதோ ஒரு நாலு எண் என்று விரலை விட்டாள், விரல் தடுமாறவே இல்லை, அப்போதே உறைத்திருக்க வேண்டும்... சந்து முனை ரொட்டிக்கடையில் கல்லாப் பெண் கேட்பாள், கடைசி நாலு? இவளும் சொல்வாள், நேற்றும் சொன்னாள், அவன் போன் எண்ணின் கடைசி நாலை. காலையில் பூட்டில் போட்டதும் அதே நாலுதான். இருவருக்கும் சேர்த்துப் புள்ளி ஏற்றிய காலத்துப் பழக்கம். ஐயோ, புள்ளி ஏறும் ஒவ்வொரு தடவையும் அவன் போனுக்குச் செய்தி போயிருக்குமே... இன்ன நேரத்தில் ரொட்டி வாங்கினாள், இதோ வீட்டுக்கு நடக்கிறாள் என்று அவளே தினமும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். யாரை வெளியே வைக்கப் பூட்டினாளோ, அவனையே சாவியாக்கி வைத்திருக்கிறாள்.

கதவின் உட்புற மூடியைத் திறந்து மாற்றும் பொத்தானை அழுத்தினாள். புது எண் கேட்டுப் பூட்டு விட்டுவிட்டுக் கூவியது. தன்னுடைய போன் எண்ணையே போடலாம்... போன மாதம்தான் அவனுக்குப் பயந்து புதிதாக வாங்கியது, இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. வேறு... வேறு ஏதாவது, அவன் இல்லாத ஒரு எண். விரல் நீண்டது. தானாக எங்கே போகிறது என்று பார்த்துச் சட்டென்று கையை இழுத்து, மறு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.