செலஸ்தீனாவின் காயத்துக்கு ஒரு துப்பாக்கி

செலஸ்தீனா கண் விழித்தபோது அவளுடைய இடது காறை எலும்புக்குக் கீழே குண்டுக் காயம் இருந்தது. வீட்டில் யாரும் சுடவில்லை. சுடவேண்டிய துப்பாக்கி இன்னும் செய்யப்படவே இல்லை.

அவள் கணவன் எஸ்தாக்கி உப்பளத்தில் மேஸ்திரி. காயத்தில் துவாலையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"சக்கிமுக்கித் துப்பாக்கி," என்றார். "கல் உரசி நெருப்புப் பிடிக்கிறது. அந்தக் காலத்துல கப்பல்காரங்க துணியும் முத்தும் வாங்கிட்டு, மாத்தாக் குடுத்துட்டுப் போன வியாபாரச் சரக்கு."

"குண்டு உள்ளதான் இருக்கா டாக்டர்?"

"இருக்கு. குண்டு முந்தி வந்துட்டு. துப்பாக்கி வந்து சேரல. அது வராம புண்ணு மூடாது."

அப்படி ஒரு துப்பாக்கி முழுதாக எங்கேயும் கிடையாது என்பது எஸ்தாக்கிக்குத் தெரியும். "நாமளே ஒண்ணு செஞ்சுக்கிடலாமா?" என்று கேட்டான்.

"செய்யலாம். பாகமெல்லாம் அசலா இருக்கணும்." டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, கழற்றி வைத்திருந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். துளையைச் சுற்றித் துணி கருகியிருந்தது. "கிட்டத்துல நின்னு சுட்டிருக்காங்க. தெரிஞ்ச ஆளுதான்."

முதலில் எஸ்தாக்கி அவசரப்பட்டான். வெல்டிங் பட்டறையில் ஒரு தண்ணீர்க் குழாயை அறுத்து வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தான். சாயங்காலத்துக்குள் செலஸ்தீனாவுக்குக் காய்ச்சல் கண்டது. புண்ணில் சீழ் வைத்தது. குழாயைக் கொண்டுபோய்த் தெருமுனையில் போட்ட பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. அதற்குப்பின் அவன் போலிச் சாமான் எதையும் வீட்டுக்குள் எடுத்துவரவில்லை.

அசல் குழல் எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்ததுதான். எஸ்தாக்கியின் பெரியப்பா மகன் சூசை வீட்டில் இருந்தது. சூசையின் மனைவி பனிமயம் அதை அடுப்பூத வைத்திருந்தாள். சூசை கடலுக்குப் போய்த் திரும்பாதவன். பனிமயம் அடுப்பை ஊதும்போது அவளுடைய மூச்சு குழல் வழியாகப் போய், அவன் இருக்கிற இடத்தில் அவனுக்குச் சேரும். அதில்தான் அவன் உயிரோடு இருந்தான்.

எஸ்தாக்கி அடுக்களை வாசலில் போய் நின்றான்.

"மைனி, அந்தக் குழல் வேணும்."

பனிமயம் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "செலஸ்தீனாவுக்கா?"

"ஆமா."

"புண்ணு எப்படி இருக்கு?"

"விரல் போற அளவுக்கு இருக்கு. அவ மூச்சு விட்டா அது வழியாவும் காத்து வருது."

"இது போனா உங்க அண்ணனுக்கு மூச்சு இல்ல. தெரியும்லா?"

"தெரியும் மைனி."

அவள் ஏசுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தான். ஏசியிருந்தால் திரும்பி வந்திருப்பான். "எனக்கும் நெஞ்சு வலிக்கு, கொழுந்தனாரே," என்றாள் அவள். "ரெண்டு பேருக்கு எத்தனை காலந்தான் ஊத?" கடைசியாக ஒருமுறை குழலை வாயில் வைத்து, முகம் சிவக்க, நீளமாக ஊதினாள். அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. பிறகு முந்தானையால் கரியைத் துடைத்து, சூட்டோடு அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு பனிமயம் வெள்ளைச் சேலையில் கோயிலுக்கு வந்தாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில் திரும்பி, எஸ்தாக்கியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவனும் கும்பிட்டான். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினான்.

குழல் வந்ததும் புண்ணின் விளிம்பு ஒழுங்கான வட்டமாயிற்று. வலி மட்டும் கூடியது. அசல் பாகம் சேரச் சேர அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

குழலைப் பொருத்துகிற மரக்கட்டைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பஸ் நிலையத்துச் சலூனில் ஒரு நாற்காலிக்குக் கைப்பிடியாக இருந்தது. கடைக்காரரே கழற்றிக் கொடுத்தார். கட்டையின் பக்கவாட்டில் ஒரு பித்தளைப் பாம்பு பதிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் வியாபாரத் துப்பாக்கி ஆகாது. அதை எஸ்தாக்கி தேடவே இல்லை. ஒரு மத்தியானம் அது தானாக வாசற்படி ஏறி வந்து, கட்டையில் தன் இடத்தைப் பார்த்துப் படுத்து, தட்டையாயிற்று. திருகாணிக்கான துளைகள் அதன் உடம்பிலேயே இருந்தன.

குதிரைதான் கிடைப்பதாயில்லை. கல்லைக் கவ்விக்கொண்டு நின்று, விசையை இழுத்ததும் முன்னால் பாய்கிற இரும்புதான் குதிரை. அது மீன் ஏலக்காரர் கஸ்பாரிடம் இருந்தது. அவர் அதை 'டக்'கென்று தட்டினால் ஏலம் முடிந்ததாக அர்த்தம். எஸ்தாக்கி கேட்டபோது அவர் மடியைப் பொத்திக்கொண்டார்.

"வேற என்னமும் கேளுடே. இது இல்லாம ஏலம் முடியாது."

மறுநாள் சாளைக் குவியலுக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், கஸ்பார் கால் நனைக்க அலைப்பக்கம் போனார். மணலில் விரித்திருந்த துண்டின் மேலிருந்து எஸ்தாக்கி குதிரையை எடுத்துக்கொண்டான்.

ஏலம் முடியவில்லை. விலை கேட்டவர்கள் மேலே மேலே கேட்டுக்கொண்டே நின்றார்கள். சாளை அழுகியது. காக்கை தின்றது போக மிச்சத்தை அலை கொண்டுபோயிற்று. வெறும் மணலைச் சுற்றி நின்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சோறு கொண்டுவந்து, ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவே ஊட்டிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எஸ்தாக்கியோடு உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவனும் இருந்தான். எஸ்தாக்கி கடந்துபோனபோது அவன் கண் கலங்கியது. வாய் விலை சொல்லிக்கொண்டிருந்தது.

இனி கல் ஒன்றுதான் பாக்கி. தேரிக்காட்டிலும் ஆற்றுப்படுகையிலும் பொறுக்கி வந்த எந்தக் கல்லும் பொறி விடவில்லை. அதற்குள் செலஸ்தீனாவால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சுவரில் ஒரு தோளைச் சாய்த்து நின்றபடியே இருந்தாள்.

"இங்க வாங்க," என்று ஒருநாள் கூப்பிட்டு, உள்ளங்கையை விரித்தாள். தேன் நிறத்தில் ஒரு சக்கிமுக்கிக் கல் இருந்தது.

"இது ஏது?"

"புண்ணு வந்த அன்னைக்கே என் கைக்குள்ள இருந்துச்சு. தலகாணி உறைக்குள்ள வச்சிருந்தேன்."

"ஊரெல்லாம் அலைஞ்சேனே. ஏன் சொல்லல?"

"குடுத்தா சுட்டுருவீங்களே," என்றாள். "இந்தப் புண்ணோடயே உங்க கூட இருந்துரலாம்னு பாத்தேன். முடியலங்க."

எஸ்தாக்கி தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் கை வராது, செலஸ்தீனா."

"வேற யாரு கையில குடுக்கப் போறீங்க?"

கிட்டத்தில் நின்று சுட்ட தெரிந்த ஆள் யாரென்று ஆஸ்பத்திரியிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. பனிமயத்திடம் குழலை வாங்கும்போதும் தெரிந்திருந்தது.

கோயில் திருவிழாவுக்கு வெடி கட்டுகிறவரிடம் கொஞ்சம் வெடிமருந்து வாங்கிவந்து குழலுக்குள் கெட்டித்தான். குண்டு போடத் தேவையில்லை. செலஸ்தீனா கருகிய ஜாக்கெட்டைத் தானே எடுத்து, முனகிக்கொண்டே போட்டுக்கொண்டாள். துளையும் புண்ணும் நேராக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"கண்ண மூடாதீங்க. கை தவறிரும்," என்றாள்.

அவன் கண்ணை மூடாமல் விசையை இழுத்தான். குதிரை பாய்ந்தது. வீடு முழுக்கப் புகை.

புகை கொஞ்சம் விலகியபோது செலஸ்தீனா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். புண் மூடியிருந்தது. தோலில் தழும்புகூட இல்லை. மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். பிறகு தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர இன்னும் காணோமே," என்றாள்.

சற்று நேரத்தில் படியேறி வந்தவனும் எஸ்தாக்கிதான். பன் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"வலி இருக்கா?"

"இல்லங்க. இப்பத்தான் நின்னுச்சு."

"சுட்டது யாரு?"

செலஸ்தீனா, துப்பாக்கியோடு நின்ற எஸ்தாக்கியைக் காட்டினாள். "இவருதான்."

வந்தவன் எழுந்து நின்றான். "ரொம்ப உபகாரம் அண்ணே," என்று சொல்லி, பொட்டலத்திலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினான். "வெறும் வயித்தோட போகாதீங்க."

எஸ்தாக்கி பன்னை வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். புகை வெளியேறும்வரை கதவைத் திறந்து வைத்திருந்துவிட்டு, வந்தவன் சாத்தினான்.