விளக்கில் வந்த துக்கம்

உலகப் போரில் சிப்பாய்களைச் சுமந்த அந்த அமெரிக்கக் கப்பலின் முதுகில் இப்போது ராடார் கிண்ணங்கள். பசிபிக் கடலில் ஏவுகணைகள் விழுவதைக் கண்காணிப்பது அதன் வேலை. அதன் வானொலிக்கு வரும் தந்திகளை ஒட்டுக்கேட்பதே பிழைப்பாக ஒரு ரஷ்யப் படகு பின்னாலேயே வரும். மாலையானால் இரண்டும் விளக்கைச் சங்கேதமாகச் சிமிட்டி வம்பளப்பது வழக்கம்.

அன்று ராடார்காரன் டாக்கெட் மேல்தளத்துக்கு வந்தபோது படகு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"உன் பேரைச் சொல்றான்டா!" என்று சிரித்தான் விளக்குக்காரன் பர்விஸ். "நம்ம சமையலைத்தான் நக்கலடிப்பான், பாரு..." சட்டென்று விளக்கிலிருந்து கையை எடுத்தான்.

"என்னவாம்? சொல்லித் தொலைடா!"

"உங்கப்பா செத்ததுக்கு வருத்தப்படுறாங்களாம்."

டாக்கெட் கேப்டனின் அறைக்கு ஓடினான்.

"அந்தப் பாவி பொய்தானே சொல்றான், கேப்டன்?"

கேப்டன் லிண்ட்குவிஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்கு ஏவுகணை விழுந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்பா. உன் கை நடுங்கினா எல்லாம் வீணாயிடுமே."

சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த தந்தி, வேர்வையில் ஊறி ஊறி மடிப்பில் கிழிந்திருந்தது.