நூறு எண்ணும் கிடார்க்காரர்

கிடார்க்காரர் மேடை ஏறியதும் வால்வு ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சைப் போடுவார். அதன் தலையில் உள்ளங்கையை வைத்து, வாய்க்குள் நூறு வரை எண்ணுவார். பின்பக்க வலைக்குள் கண்ணாடிக் குழாய்கள் செந்நிறமாய்ப் பழுத்து, பெட்டி கைக்குக் கதகதப்பைத் தந்த பிறகே தந்தியைத் தொடுவார். அரங்கமே காத்திருந்தாலும் அந்த எண்ணிக்கை பாதியில் நின்றதில்லை. "அண்ணன் அடைகாக்குறாரு, குஞ்சு பொரியட்டும்" என்பார் டிரம்ஸ்காரர்.

அந்த முப்பது கிலோப் பெட்டியைச் சுமந்தவன் அவருடைய தம்பி. அதே குழுவில் பேஸ் கிடார் வாசித்தான். ஒத்திகை அறையோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவன் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"அண்ணே, டிரான்சிஸ்டர் பெட்டி ஒண்ணு வாங்கிடுவோம்ணே. ஒரு கையில தூக்கிட்டு ஓடலாம். போட்ட உடனே சத்தம் வரும்."

"சத்தம்தான்டா வரும். பாட்டு வராது."

இரண்டு பெட்டிகளுக்கும் வாய் முளைத்து வழக்காடியிருந்தால், ஒன்று தன் குரலின் இனிமையைச் சொல்லியிருக்கும். மற்றது தன் எடையின் எளிமையைச் சொல்லியிருக்கும். ஆனால் நீதிபதியாய் அமர்ந்தவர் ஒருநாளும் சுமை தூக்காதவர். தீர்ப்பு வேறெப்படி இருந்திருக்கும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மூன்றாவது பாட்டின் நடுவில் சத்தம் அறுந்தது. கருகல் நாற்றம் மேடையெங்கும் பரவியது. ஸ்பீக்கர் ஒயரின் தொடர்பு விட்டுப்போயிருக்கும்போது வாசித்தால், வால்வுப் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். ஒயரைப் பெட்டியில் குத்துவது தம்பியின் வேலை.

"வேணும்னே பண்ணிட்டியேடா! டிரான்சிஸ்டர் வாங்க வைக்கத்தானே?" என்று குழுவினர் நால்வர் முன்னிலையில் அண்ணன் கத்தினார்.

"நல்லாத்தாண்ணே குத்தினேன்" என்று தம்பி ஒரே ஒருமுறை சொன்னான். பிறகு தன் கிடாரை உறைக்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். குழுவுக்குத் திரும்பவேயில்லை.

அம்மா படுத்த படுக்கையானபோது, காலையில் ஒருவரும் மாலையில் ஒருவருமாய் வந்து பார்த்தார்கள். "ரெண்டு பேரும் சேந்து ஒரு பாட்டு வாசிங்கடா" என்று அம்மா இருவரிடமும் தனித்தனியே கேட்டாள். கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

வாடகைப் பெட்டிகளோடு காலம் தள்ளிய கிடார்க்காரர், ஒருநாள் கட்டிலடியில் கிடந்த வால்வுப் பெட்டியை இழுத்துத் தூசு தட்டினார். அதைப் பழுது பார்ப்பதா, டிரான்சிஸ்டருக்கு மாறுவதா என்று கேட்க ஒரு பெண் மெக்கானிக்கின் கடைக்கு எடுத்துப்போனார். அன்று குத்திய ஒயர் இன்னும் குத்தியபடியே இருந்தது.

அவள் அதை உருவி, முனையில் சுற்றியிருந்த பச்சை டேப்பை உரித்தாள்.

"குத்தினதுல தப்பே இல்ல சார், சிக்குன்னு உக்காந்திருந்துச்சு. உள்ள பாருங்க, ஈயம் பிடிக்கவே இல்ல, சும்மா ஒப்புக்கு ஒட்டிட்டிருக்கு. பத்தவைக்கிற கம்பி சூடேறக்கூட விடாம எவனோ தேச்சிருக்கான். சரியான அவசரக்குடுக்கை!"

பச்சை டேப்பை அவர் அடையாளம் கண்டுகொண்டார். அந்த நிகழ்ச்சிக்கு முந்தைய மாலை, வெளியே கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே அந்த ஒயருக்கு ஈயம் பற்றவைத்தது அவரேதான். குழாய்களுக்காக நூறு எண்ணுகிறவர் அந்தக் கம்பிக்காகப் பத்துகூட எண்ணவில்லை.

"அந்த எவனோ நான்தாம்மா."

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பெட்டிய என்ன சார் பண்றது?"

"மூடிக் குடுங்க. அலமாரில இருக்கிற அந்த டிரான்சிஸ்டர் பெட்டியையும் எடுத்துக்கறேன்."

மறுநாள் மூன்று மாடிக்கும் வால்வுப் பெட்டியை அவரே சுமந்து ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். பிறகு இறங்கிப்போய்ப் புதுப்பெட்டியை ஒரு கையில் எடுத்து வந்தார். குழுவினர் நால்வரும் வந்தார்கள். "ஒரே ஒரு தடவை வாடா" என்று தொலைபேசியில் கெஞ்சியதால் தம்பியும் வந்து, கதவோரமாய் நின்றான்.

அவர் அந்த ஒயரை நால்வர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "இந்த ஈயத்த வச்சது நான். இவன் சரியாத்தான் குத்தியிருக்கான். உங்க முன்னாடிதான் இவனத் திட்டினேன். உங்க முன்னாடியே சொல்றேன், தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடுடா."

டிரம்ஸ்காரர் அந்த ஒயரைத் தம்பியின் கையில் வைத்தார்.

"அம்மா இருந்தப்பவே இதப் பிரிச்சுப் பாத்திருக்கலாமேண்ணே" என்றான் தம்பி.

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியின் பார்வை பழைய பெட்டிக்கும் அந்த இடுப்புக்கும் போய்வந்தது.

"யாரு தூக்கிட்டு வந்தா?"

"நான்தான்."

"மூணு மாடியுமா? புதுசுல பாட்டு வராதுன்னு சொல்லுவியே?"

"ரெண்டாவது மாடியிலயே அந்த நெனப்பு போயிடுச்சுடா."

புதுப்பெட்டியின் ஸ்பீக்கர் ஒயரை எடுத்து அவர் தம்பியிடம் நீட்டினார். "நீ குத்துடா."

தம்பி உடனே வாங்கவில்லை. அண்ணன் நீட்டிய கையை மடக்காமல், வாய்க்குள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.