அரசனின் தங்கை

அண்ணனின் வீங்கிய கால்களுக்கு அடியில் பாப்பா தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோதே அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டார்.

“இருங்க அண்ணா, உக்காந்துக்கறேன்.”

“நீ உக்கார்றதுக்குள்ள எனக்கு மறந்துடும்.”

மூச்சு வாங்கியது, ஆனால் அதிகாரம் குறையவில்லை. மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அண்ணனுக்கு இருந்த ஒரே அவசரம், அவருடைய தொடர்நாவலில் கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயம். அறுபதைத் தொட்டும் அந்த வீட்டில் பாப்பாவாகவே இருந்த தங்கை மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் சொல்வார், அவள் தட்டச்சு செய்வாள். முதல் பாகத்திலிருந்தே அப்படித்தான்.

அண்ணனின் மாயக்கதைகளில் ஒரு விதி உண்டு. உள்ளே கெட்டுப்போனவர்களுக்கு உடம்பு மாறும். “நிஜத்துல எவன் கெட்டவன்னு மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியல. அதனாலதான் மாயக்கதை எழுதறேன்” என்று கூட்டங்களில் சொல்வார். கைதட்டுவார்கள். அவர் கதையில் அரசனைக் காட்டிக்கொடுத்த தங்கை, பாகத்துக்கு ஓர் அங்கமாகப் பாம்பாகிக்கொண்டு வந்தாள். முதலில் நாக்கு பிளந்தது, பிறகு தோளில் செதில் முளைத்தது. யாரை நினைத்து எழுதுகிறார் என்பது பாப்பாவுக்குத் தெரியும். தன் நாக்கு பிளக்கும் அத்தியாயத்தைத் தானே தட்டச்சு செய்து, தானே பிழையும் திருத்தினாள்.

அவள் செய்த குற்றம் இதுதான். அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு அண்ணன் ஊரைவிட்டுப் போக இருந்ததை, அப்பா கேட்டபோது சொல்லிவிட்டாள். அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள், அப்பா கையில் பெல்ட் இருந்தது. ஒரு பொய் சொல்லத் தெரிந்திருந்தால் பாம்பாகாமல் தப்பியிருக்கலாம். அண்ணன் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கதைக்குள் வைத்துத் தண்டிக்கிற மனுஷனிடம் எந்த வாசலில் நின்று சண்டை போடுவது?

ஒரே ஒருமுறை பதில் சொன்னாள். மூன்றாம் பாகத்தில், தங்கையின் முகத்தைச் செதில் மூடிய இடத்தில், அவர் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள். ‘கண்கள் மட்டும் மாறவில்லை.’ அண்ணன் அச்சுப்படியில் அளவுகோலை வைத்து வரி வரியாகப் படிக்கிறவர். அப்படியும் அந்த வரி புத்தகத்தில் வந்துவிட்டது. வாசகர்கள் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் சொன்னார்கள். யானைக்கும் அடி சறுக்கியதா, இல்லை பார்த்தும் விட்டுவிட்டாரா? விட்டுவிட்டார் என்றால் அது மன்னிப்பு. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரை அனுப்பிவைக்க அவளுக்கு மனமில்லை.

“அண்ணா, மூணாம் பாகத்துல ஒரு வரி இருக்கே…”

“எழுது” என்றார் அவர். “‘அன்று அவள் கண்களும் மாறின.’”

விரல்கள் நின்றுவிட்டன. ஆக, பார்த்திருக்கிறார். இத்தனை வருஷம் தெரிந்தே விட்டுவைத்திருந்து, போகிற நேரத்தில் பிடுங்கிக்கொள்கிறார்.

பாப்பாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மஞ்சளாகிப்போன கண், பானை மாதிரி வயிறு, கைகளில் பொருக்குப் பொருக்காக உரியும் தோல். உங்க விதிப்படி பார்த்தா நீங்க யாரைக் காட்டிக்கொடுத்தீங்க என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அந்தத் தோலுக்கு எண்ணெய் தடவுகிறவளும் அவள்தான். அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. சாகக் கிடக்கிறவரோடு மல்லுக்கு நிற்கவா முடியும்?

“எதுக்கு அண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

“கதை அப்படித்தான் போகுது.”

“அதுவா போகல. நீங்க கொண்டுபோறீங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்த நேரத்தில், “எழுதிட்டியா?” என்றார்.

திரையில் அந்த வரி இல்லை. “எழுதிட்டேன்” என்றாள்.

அவர் லேசாகத் தலையசைத்தார். அடுத்த வாக்கியத்துக்காக அவள் காத்திருந்தாள். மூச்சு ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது. அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை.

மறுநாள் வாசலெல்லாம் வாடகை நாற்காலிகள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான், கடைசியாக என்ன சொன்னார் என்று. மழுப்பி அனுப்பினாள். அண்ணியிடம் மழுப்ப முடியவில்லை.

“நான் மருந்துக் கடைக்குப் போன நேரமாப் பார்த்துப் போயிட்டாரே பாப்பா. என்னையாவது கேட்டாரா?”

“கேட்டார் அண்ணி. அவ வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.”

அண்ணி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். பாப்பா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தன் நாக்கின் நுனியைப் பல்லில் தடவி, பிளந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் பதிப்பாளர் மட்டும் செருப்பைப் போடாமல் நின்றார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. கடைசி அத்தியாயம் முடிஞ்சுதா?”

“கொஞ்சம் பாக்கி.”

“அவர் நடை உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க. அந்தத் தங்கச்சி திரும்ப மனுஷியா ஆயிட்டா ஜனங்க சந்தோஷப்படுவாங்க. யார் எழுதினதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

அண்ணனின் அறையில் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து பாப்பா எழுதினாள். ஆற்றில் இறங்கிய தங்கையின் செதில்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரோடு போயின. கரையில் நின்ற அரசன் கை கொடுத்தான். அச்சு அசல் அண்ணனின் நடை. படித்துப் பார்த்தாள், நன்றாகவே இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. தனக்கு வரவேண்டிய மன்னிப்பைத் தானே எழுதிக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? தான் எழுதியது முழுவதையும் அழித்தாள்.

அண்ணன் காதில் கடைசியாக விழுந்தது, எழுதிட்டேன் என்று அவள் சொன்ன பொய்தான்.

‘அன்று அவள் கண்களும் மாறின’ என்று தட்டினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அவை தெளியும்வரை காத்திருந்தாள். பிறகு பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டு, அந்த வரியோடு அத்தியாயத்தை முடித்துப் பதிப்பாளருக்கு அனுப்பினாள்.