கரைக்கு விடு

ஏரியின் நடுவுக்கு வந்த பிறகுதான் அம்மாவின் செருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. அலை தெறித்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தபோது, தரைப்பலகை முங்கி, தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியிருந்தது.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ரோட்டில் எது குறுக்கே வந்தாலும் பிரேக்கில் கால் போய்விடும். இங்கே பிரேக்கும் இல்லை, இறங்கி நிற்க ரோடும் இல்லை. நீச்சலும் தெரியாது. யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன இந்த மோட்டார் படகை வீட்டுக்கு இழுத்து வந்தபோதே அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். மகள்தான் பிடித்த பிடியில் நின்றாள். இரண்டு பேருமாகப் பழைய பெயிண்டைச் சுரண்டினார்கள், உளுத்த பலகைகளைப் பெயர்த்தார்கள், இன்ஜினைக் கழற்றிச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினார்கள். எதை வாயில் வைத்தாலும் கிரீஸ் வாடை. அதற்கும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எல்லாம் மகள் அந்த விஷயத்தைச் சொல்லும்வரை. படகைத் தண்ணீரில் இறக்கியதும் அப்பாவிடம் போய்விடப்போவதாகச் சொன்னாள். அங்கேயே காலேஜில் சேர்ந்துகொள்வாளாம். அவளை எட்டு வயதில் விட்டுப் போனவரோடு இப்போது என்ன ஒட்டுதல் என்று கேட்க நா வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "முடிச்சிட்டு தாராளமா போ," என்றாள் அம்மா. அதோடு பேச்சு நின்றது. வேலை மட்டும் நிற்கவில்லை. ஒரே பலகையின் இரு முனைகளிலும் உட்கார்ந்து, முகத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு தேய்த்தார்கள்.

"பின்னாடி இருக்கிற ஓட்டைய மூடினியா?" அம்மா கேட்டாள்.

மகள் விருட்டென்று திரும்பினாள். "நீ மூடிட்டேன்னு நெனச்சேன்."

கழுவிய தண்ணீர் வடிய, பின்னிருக்கைக்கு அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதற்கு ஒரு பித்தளை மூடி. காலையில் யாராவது ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"இந்தா, நீ ஓட்டு." அம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பின்னால் தவழ்ந்தாள். முழங்கை முங்கத் தண்ணீருக்குள் துழாவி, துளையைக் கண்டுபிடித்து, விரலைத் திணித்தாள். தண்ணீர் வருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்ஜின் இருமியது.

"அம்மா, அணையப் போகுது."

"அணையாது. ஆக்ஸிலேட்டர கொற. இன்னும் கொஞ்சம். சத்தத்த கேளு."

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இருமல் அடங்கிச் சத்தம் சீரானது. மகள் படகை, புறப்பட்ட துறையை நோக்கித் திருப்பினாள்.

"அவ்வளவு தூரம் தாங்காது. கிட்ட இருக்கிற கரைக்கு விடு."

"அங்க பூரா கல்லும்மா. அடியில பெயிண்ட் எல்லாம் போயிடும்."

ஒரு கீறல் விழுந்தாலே வீட்டை இரண்டாக்குகிறவள் அம்மா. "போனா போகட்டும். நேரா விடு."

"லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டியிருக்கியா?" மகளின் குரல் உடைந்தது. "சொல்லும்மா, கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேன். நீ முன்னாடி பாரு."

தண்ணீர் அம்மாவின் இடுப்பைத் தொட்டபோது அடியில் கல் உரசியது. உரசல் நீண்டு, கிறீச்சென்று அலறி, படகு ஒரு குலுக்கலோடு சாய்ந்து நின்றது. மகள் இன்ஜினை அணைத்தாள்.

அம்மா விரலை உருவினாள். மடங்கியது மடங்கியபடியே இருந்தது. கரைக்கு ஓர் எட்டுதான், மகள் இறங்கவில்லை. தண்ணீரிலேயே எதிரே மண்டியிட்டு, அந்தக் கையை வாங்கித் தேய்த்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"மரத்துப் போச்சு."

தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள். "நான் அங்க போனப்பறம், ஃபோன் பண்ணா எடுப்பியா?"

தூரத்தில் எப்போதோ கடந்துபோன பெரிய படகொன்றின் அலை அப்போதுதான் கரைக்கு வந்து சேர்ந்தது. அவர்களுடைய படகைக் கற்களிலிருந்து லேசாகத் தூக்கி, மறுபடி உட்கார வைத்தது. அடுத்த அலை வந்துகொண்டிருந்தது.