ஜான்சி டீச்சரின் நாற்பது நாள் ஸ்விட்ச் ஆஃப்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கினால் சாந்தோமில் ஜான்சி டீச்சரின் தெருவில், கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவதாக எழுந்து நின்று அறிவிப்பார்கள். ஒருவர் கறி, ஒருவர் சீரியல், ஒருவர் கோபம். கோபத்தை விட்டவர் பொதுவாக இரண்டாம் நாளே தெருவுக்கே கேட்கிற மாதிரி தோற்றுப்போவார். இந்த வருடம் ஜான்சி எழுந்து, "ஈஸ்டர் வரைக்கும் நான் செல்போனைத் தொடமாட்டேன்" என்றாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அதில் பெரும்பங்கு அவள் கணவன் ஃபிரெட்ரிக்குடையது.

"மூணு நாள். அதுக்கு மேல தாங்கினா நான் பேரை மாத்திக்கிறேன்" என்றான் அவன்.

அன்றிரவே போன் அணைக்கப்பட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் போனது. மூன்று நாள் கழிந்தது. ஃபிரெட்ரிக் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மிச்சமான நேரத்தில் ஜான்சி தன் முதல் நாவலை முடித்தாள். மீன் ஏலம் விடும் பெண்களைப் பற்றிய கதை. தி.நகரில் ஒரு பதிப்பகம் முதல் நாவல் போட்டி வைத்திருந்தது. கடைசி நாள் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன், மாலை ஐந்து மணி.

பெரிய வியாழன் காலையில் லேப்டாப்பைத் திறந்தால், அது அவளை யாரென்றே கேட்டது.

"நேத்து நான்தான் க்ளீன் பண்ணேன்" என்றான் ஃபிரெட்ரிக் பெருமையாக. 'லேப்டாப் பறக்கப் பத்து வழிகள்' என்ற வீடியோவில் ஏழாவது வழி வரைக்கும் வந்திருந்தான். "குக்கீஸு, ஹிஸ்டரி, பாஸ்வேர்டு, எல்லாத்தையும் தூக்கிட்டேன். இப்ப எப்படி ஓடுது பாரு!"

நன்றாகத்தான் ஓடியது. பாஸ்வேர்டைப் போட்டதும் ஓடிப்போய், 'உங்கள் செல்போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்' என்ற இடத்தில் நின்றுகொண்டது. கணக்கு களவு போகக் கூடாதென்று ஜான்சியே போட்ட இரண்டாவது பூட்டு அது. பூட்டிய அன்று, போன் கையில் இல்லாதபோது உதவ பத்து அவசர எண்களைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். 'பிறகு' என்பதை அழுத்தியிருந்தாள். நாவலோ இணையத்தில் மட்டும் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

"போனை ஆன் பண்ணு. ஒரே நிமிஷம். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றான் ஃபிரெட்ரிக்.

"ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு. நீங்க சிரிப்பீங்க."

"சரி, சிம்மைக் கழட்டி என் போன்ல போடு. உன் போனைத் தொட்டதாவே ஆகாது."

"பக்கத்து வீட்ல போய் கறி தின்னா ஒறுத்தல் உடையாதோ? விடுங்க. முப்பத்தெட்டு நாள் ஓட்டிட்டேன்."

உட்கார்ந்து யோசித்தாள். பாஸ்வேர்டு கேட்காமல் அவளை இன்னும் யார் நம்பிக்கொண்டிருப்பார்கள்? விடை வெட்கக்கேடாக இருந்தது. பள்ளிக் கம்ப்யூட்டர் லேப், ஜன்னலோரத்து இயந்திரம். மாலை வேளைகளில் நாவலை அங்கேயும் தட்டியிருக்கிறாள். ஒருநாளும் வெளியேறு பொத்தானை அழுத்தியதில்லை.

பள்ளி விடுமுறை. வாசலில் வாட்ச்மேன் வெள்ளைத்துரை எழுந்து நின்றார்.

"இன்னா டீச்சர், லீவு நாள்ல? லேப்பு பூட்டிக் கீது."

"தொறங்கண்ணே. என் நாவல் உள்ள மாட்டிக்கிச்சு."

"போன் பண்ணியிருந்தா சாவி எட்த்து வெச்சிருப்பேனே."

"அதை மட்டும் சொல்லாதீங்க."

லேப் சுவரில், 'வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறவும்' என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு. ஜான்சியின் கையெழுத்துதான். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திரையில் நாவல் கடைசி அத்தியாயத்தோடு திறந்து கிடந்தது. வேர்டில் ஒன்று, பிடிஎஃப்பில் ஒன்று என்று இறக்கி, இரண்டையும் பென்டிரைவில் ஏற்றினாள். இந்த முறை வெளியேறும் பொத்தானை அழுத்தினாள். சரியாக விழுந்ததா என்று இருமுறை பார்த்தாள்.

பதிப்பகத்தின் இணையப் படிவத்தை அங்கேயே நிரப்பினாள். கடைசிக் கட்டம்: செல்போன் எண். கீழே: ஓடிபி.

ஆட்டோ பிடித்து தி.நகர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால். பதிப்பக மேஜையில் அஸ்வின் என்ற இளைஞன் இருந்தான். பென்டிரைவைப் பார்த்ததும் பின்னால் சாய்ந்தான்.

"ஆன்லைன்ல மட்டும்தான் மேடம். ஓடிபி வரணும்."

"நான் வந்திருக்கேன்."

"அது இல்ல மேடம், அனுப்புறது நெஜமான ஆளான்னு சிஸ்டத்துக்குத் தெரியணும்."

"தொட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சொன்ன தோமையாரோட ஊரு, சாந்தோம்லேருந்து வர்றேன், தம்பி. நம்பிக்கை இல்லன்னா கிள்ளிப் பாருங்க." கையை மேஜைமேல் நீட்டி வைத்தாள்.

அஸ்வின் கிள்ளவில்லை. "உங்க போனுக்கு என்னாச்சு மேடம்?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கு. நான்தான் ஆன் பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னு சொல்லிட்டேன்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மணிவரை எழுந்திருக்கும் எண்ணம் அந்த உட்காரலில் இல்லை. ஐந்து மணிக்குப் பிறகும் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. அஸ்வின் பெருமூச்சு விட்டு, பென்டிரைவை வாங்கி வைரஸ் சோதனைக்குப் போட்டான். படிவத்தைத் தன் கணினியில் திறந்து நாவலை ஏற்றினான். எண் கேட்ட கட்டத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, அலுவலகத்து லேண்ட்லைன் எண்ணை அடித்தான். செய்தி போகாத எண் என்று கண்டுகொண்ட படிவம், 'அழைத்துச் சொல்லலாமா?' என்றது. சரி என்றான்.

மேஜைமேல் தொலைபேசி மணியடித்தது.

"உங்களுக்குத்தான் மேடம், எடுங்க" என்று அவள் பக்கம் நகர்த்தினான்.

ஜான்சி கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே எடுங்க தம்பி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் எந்தப் போனும் எடுக்கிறதா இல்ல."