மனுவில் விழுந்தவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து கிளம்பியது. அந்தப் பொய்யை எழுதியவள் நான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அலைந்தவள் ராஜகுமாரி. கடைசியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் அவளுக்குத்தான். ஆகவே கதை அவளுடையது. நான் முடிந்தவரை அடைப்புக்குறிக்குள் இருந்துகொள்கிறேன்.

[முதல் தொடக்கம்: "மேகங்கள் தரையில் நடக்கும் ஓர் அழகிய மலையூரில்..." விட்டுவிட்டேன். விடுதி விளம்பரம் மாதிரி இருந்தது.]

[இரண்டாவது: "தீர்மானம் எண் நாற்பத்தேழு, உறுப்பினர்கள் அனைவராலும் ஒருமனதாக..." இதையும் விட்டேன். இந்த வாக்கியத்தை அதிகாரிகள் ஏற்கெனவே ஆறு முறை பார்த்துவிட்டார்கள். ஒருமுறைகூட அடுத்த வரிக்குப் போகவில்லை.]

ஊரின் பெயரை மந்தைப்பாறை என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானலுக்கு மேற்கே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஒரு பேரூராட்சி. ராஜகுமாரி அதன் தலைவர். அவளும் பூண்டு போடுகிறவள்தான். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலிலிருந்து அந்த வாசம் போகாது. சென்னைக் கோட்டையின் நீண்ட தாழ்வாரங்களில் காத்திருக்கும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

2

அவள் கேட்டது ஒரு குழாய். மேட்டுத்தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். மற்ற நாட்களில் பெண்கள் சோலைக்குள் இறங்கி ஊற்றில் எடுக்க வேண்டும். பாதை முழுக்கப் பாசி. மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத ஓடை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் குழாய் போட்டால் போதும். ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரும் சரணாலயம். பணம் மாநிலம் தர வேண்டும். அனுமதி தில்லி தர வேண்டும். எம்.எல்.ஏ.வைப் பிடித்தால் அமைச்சர், அமைச்சரைப் பிடித்தால் மாநில வனவிலங்கு வாரியம். அதற்குப் பிறகு எம்.பி.யைப் பிடித்துத் தில்லி வாரியம். மனு கதவு கதவாகத் தானே நடந்து போகாது. ஒவ்வொரு கதவிலும் யாராவது நின்று தள்ள வேண்டும்.

நான்காவது முறை சென்னைக்குப் போனபோது, எம்.எல்.ஏ.வின் உதவியாளர் விக்னேஷ் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். திண்டுக்கல் பையன், இரக்கமுள்ளவன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இத்தனை லிட்டர் பத்தலை, இத்தனை குடும்பம்னு எல்லா ஊர்லருந்தும்தான் வருது. அண்ணன் எந்திரிச்சு சபையில பேசணும்னா, கேக்குறவுக மனசுல ஒரு ஆளு வந்து நிக்கணும். அப்படி யாரும் இல்லையா உங்க ஊர்ல?"

"ஊர்ல எல்லாரும் ஆளுதான தம்பி?"

"அது சரிதாங்கக்கா. ஆனா எல்லாரையும் சொன்னா யாரையும் சொல்லாத மாதிரி ஆயிருது."

ஊர் திரும்புகிற பேருந்தில், வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறும்போது, அவள் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வெள்ளைக்குள் யாரோ ஒரு பெண் பேருந்தோடு சேர்ந்து நடந்து வருவதுபோல இருந்தது. மரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

3

அவள் என்னிடம் வந்தாள். நான் கொடைக்கானலில் இருபது வருடம் தமிழ் நடத்தியவள். சில கதைகள் எழுதியிருக்கிறேன்.

"டீச்சர், நீங்க கதை எழுதுறவுகதான. மனசுல தைக்கிற மாதிரி ஒரு மனு எழுதிக் குடுங்க."

"யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு, எழுதுறேன்."

"யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல டீச்சர். கஷ்டப்படுறாக, அம்புட்டுத்தான்."

[அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வரைவில் ஒரு கிழவர் விழுகிறார், "இடுப்பு எலும்பு முறிந்து..." அடித்திருக்கிறேன். இரண்டாவதில் பள்ளிக்கூடம் போகிற ஒரு சிறுமி, "தோளில் புத்தகப்பை, இடுப்பில் குடம்..." அதையும் அடித்திருக்கிறேன், பார்த்த படம் மாதிரி இருந்ததால்.]

பிற்பகல் மூன்று மணி இருக்கும். திறந்திருந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து மேஜைமேல் உட்கார்ந்தது. தாள் ஈரமாகி மை லேசாகப் பரவியது. அப்போதுதான் அவள் வந்தாள். தேவசேனா, வயது இருபத்து நான்கு. மூன்று மாதக் கர்ப்பம். விடிகாலையில் ஊற்றுப் பாதையில் வழுக்கி விழுந்தாள், கரு கலைந்தது. அதற்குப் பிறகு, ஏன் எழுதினேன் என்று இன்றுவரை தெரியாத ஒரு வரி: "அவள் எழுந்தாள். உருண்டுபோன குடத்தை எடுத்து, மறுபடி இறங்கி, நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்."

ராஜகுமாரி அதை வாசித்தாள். கடைசி வரிக்குத் திரும்பி மறுபடி வாசித்தாள்.

"இப்படி ஒருத்தி இல்லையே டீச்சர்."

"இல்ல."

"இருந்தா இப்படித்தான் இருப்பா."

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

4

எம்.எல்.ஏ. சட்டப்பேரவையில் அதை வாசித்தார். குடத்தை மறுபடி நிரப்பிய இடத்தில் அவர் குரல் தழுதழுத்ததாக மறுநாள் செய்தித்தாள் எழுதியது. மாநில வாரியம் இரண்டே மாதத்தில் சரி என்றது. எம்.பி. அந்தச் செய்தியைக் கத்தரித்துத் தில்லிக்கு எடுத்துப்போனார்.

ராஜகுமாரிக்குக் கனவுகள் வரத் தொடங்கின. பாத்தியில் களை எடுத்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தால் போதும், தேவசேனா பக்கத்தில் குந்தியிருப்பாள். பச்சைச் சேலை. ஒரு காலில் மெட்டி இல்லை. குற்றம் சொல்ல மாட்டாள், எதுவும் கேட்கவும் மாட்டாள். பூண்டு இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு எழுந்து போவாள்.

[பச்சைச் சேலை மனுவில் இல்லை. மெட்டியும் இல்லை. என் பாத்திரம் என்னைக் கேட்காமல் வேறொருத்தியின் தூக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.]

தை மாதம் தில்லியிலிருந்து கடிதம் வந்தது. நாடாளுமன்றக் குழு ஒன்று கொடைக்கானலுக்கு வருகிறது. மந்தைப்பாறைக் கோரிக்கையையும் கேட்கும். கடைசியில் ஒரு வரி: குழு உறுப்பினர்கள் திருமதி தேவசேனாவைச் சந்திக்க விரும்புகிறார்கள்.

5

துணைத்தலைவர் திருமலைச்சாமி பதறவில்லை. "ஒரு பொண்ண நிப்பாட்டுவோம் தலைவரே. ரெண்டு நிமிசச் சோலி. ஆமாங்கன்னு தலையாட்டுனாப் போதும். தண்ணி வந்தப்பறம் யாரு கேக்கப்போறா?"

அன்று சாயங்காலம் சௌம்யா வந்தாள். மேட்டுத்தெருக்காரி, ஜீப் ஓட்டுகிற செல்வமுருகனின் மனைவி. ராஜகுமாரியின் தோட்டத்துக்குக் கூலிக்கு வருகிறவள். அதிகம் பேசாதவள். கையில், எம்.எல்.ஏ. பேசியது வந்த அந்தப் பழைய செய்தித்தாள்.

"அக்கா, யாரு பாத்தது?"

"எத?"

"அன்னிக்குப் பாதையில யாருமே இல்லக்கா. வெள்ளனே போனேன். பனி. என் கையே எனக்குத் தெரியல." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நாள் தள்ளிப்போயிருக்குன்னு அவருகிட்டச் சொல்லணும்னு அன்னிக்குத்தான் நெனச்சிருந்தேன். சொல்லல. அப்பறம் காச்சல்னு ரெண்டு நாள் படுத்துக்கிட்டேன். அம்புட்டுத்தான், யாருக்கும் தெரியாது. இதுல எழுதியிருக்கு. யாரு பாத்துச் சொன்னா?"

6

[இங்கே அடைப்புக்குறியைவிட்டு நான் வெளியே வந்தாக வேண்டும்.]

இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் சௌம்யாவின் முன் நோட்டைத் திறந்து வைத்தேன். அடித்த கிழவரையும் அடித்த சிறுமியையும் காட்டினேன். 'யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, எல்லாம் கற்பனைதான்' என்று நிரூபிக்க எந்த எழுத்தாளரும் அப்படித் தவித்திருக்க மாட்டார்.

அவள் விரலால் வரிகளைத் தடவி வாசித்தாள்.

"விழுந்தத யாரு வேணும்னாலும் எழுதலாம் டீச்சர். திரும்பப் போயி நெறச்சது எனக்கு மட்டும்தான் தெரியும்."

நான் நோட்டை மூடினேன்.

பிறகு அவளே சொன்னாள்: "நான் வர்றேன்க்கா. தேவசேனான்னு பேரு சொல்லிக்கிறேன். உள்ளதத்தான சொல்லப்போறேன்."

[இந்த இடத்தில் ராஜகுமாரி "வேண்டாம்" என்று சொல்வதாக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. "பச்சைச் சேல இருக்கா ஒன்கிட்ட?" என்று கேட்டாள். அவளை நல்லவளாக்க என் பேனா துடிக்கிறது. ஆனால் அன்று முழுக்க அவள் சம்மதத்தோடுதான் இருந்தாள். நானும்தான்.]

7

குழு வந்த காலை. செல்வமுருகனின் ஜீப்பில் போனார்கள். ராஜகுமாரி முன்னால், சௌம்யா பின்னால், பச்சைச் சேலையில். மூடுபனி சாலையை ஒரு வளைவுக்கு மேல் காட்டவில்லை. ஜீப் நகராமல் மலைதான் மெல்லப் பின்னால் போகிற மாதிரி இருந்தது.

செல்வமுருகன் உற்சாகமாக இருந்தான். பொண்டாட்டி எம்.பி.க்கள் முன்னால் நடிக்கப் போகிறாள். அவனுக்கு அது வேடிக்கை. யாருக்கும் கெடுதல் நினைக்காதவன்.

"ஏ புள்ள, சும்மா நின்னா நம்ப மாட்டாக. கொஞ்சம் அழுதுக்கிட்டே சொல்லணும். எங்க, அழு பாப்போம்."

பின்னால் சௌம்யா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எப்படி விழுந்தன்னு கேட்டா? கால் வழுக்கிருச்சுன்னு சொல்லி, இப்பிடி வயித்தப் பிடிச்சுக்கணும்." ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையால் தன் வயிற்றைப் பிடித்துக் காட்டினான். சிரித்தான். "என்னா தலைவரே, சரிதான?"

ராஜகுமாரி கண்ணாடியில் பார்த்தாள். சௌம்யா வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி.

விருந்தினர் மாளிகை வாசலில் ஜீப் நின்றது. சௌம்யா இறங்கக் காலை வைத்தாள்.

"நீ இரு," என்றாள் ராஜகுமாரி. "குளுருது. உள்ளேயே இரு."

தனியாகப் படியேறினாள்.

அறையில் பெரிய ஜன்னல்கள். பள்ளத்தாக்கைக் காட்டத்தான் அங்கே குழுவை உட்காரவைத்திருந்தார்கள். ஜன்னல்களில் பனிதான் இருந்தது. குழுவின் தலைவி வேறு மாநிலத்து அம்மா. ஓர் அதிகாரி மொழிபெயர்த்தார். ஓரத்தில் எம்.எல்.ஏ. உட்கார்ந்திருந்தார்.

"தேவசேனா எங்கே?"

"அப்பிடி ஒருத்தி இல்லைங்கம்மா. நாங்க எழுதுனது."

எம்.எல்.ஏ.வின் முகம் சாம்பலானது. அதிகாரி மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் எழுதினீர்கள்?"

"உள்ளத ஆறு தடவ எழுதுனோம். யாரும் வரல. இல்லாதத ஒரு தடவ எழுதுனோம். வந்துட்டீங்க."

அறையில் யாரோ இருமினார்கள். அந்த அம்மா கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த கேள்வியை மெதுவாகத்தான் கேட்டார். அதிகாரி திருப்பிச் சொன்னார்: "அப்படியானால், அந்தப் பாதையில் ஒருவருமே விழவில்லையா?"

ராஜகுமாரிக்கு அந்த அறை மிதப்பதுபோல இருந்தது. வெளியே, பனிக்குள், நூறடி தூரத்தில் ஒரு ஜீப்பில் பதில் உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்றால், யார் என்று கேட்பார்கள். இல்லையென்றால், மெய்யாகவே அது நடக்காததாகிவிடும்.

"விழுறவக வந்து சொல்ல மாட்டாகம்மா," என்றாள். "எந்திரிச்சு வேலையப் பாக்கப் போயிருவாக."

அந்த அம்மா குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். ஒரு வரியா, ஒரு சொல்லா தெரியாது. என்ன மொழியென்றும் தெரியாது.

8

இனி முடிவு.

[முதல் முடிவு: குழுத் தலைவி மனம் நெகிழ்ந்து தில்லியில் போராடி, "அடுத்த சித்திரையில் மேட்டுத்தெருக் குழாயில்..." இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.]

[இரண்டாம் முடிவு: பொய் மனு கொடுத்த பேரூராட்சி என்று கோப்பில் சிவப்பு மையில்... இதுவும் வேண்டாம்.]

நடந்ததை மட்டும் சொல்கிறேன். எம்.எல்.ஏ. இரண்டு மாதம் ராஜகுமாரியின் போனை எடுக்கவில்லை. பேரூராட்சிக் கூட்டத்தில் திருமலைச்சாமி எழுந்து, "கைக்கு வந்தத தட்டிவிட்டீக, ஏன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அவள் சொல்லவில்லை. தலைவர் வருத்தம் தெரிவித்தார் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. கோப்பு தில்லியில் பரிசீலனையில் இருக்கிறது. ராஜகுமாரி மாதம் ஒருமுறை விக்னேஷிடம் கேட்கிறாள், அவன் மட்டும் போனை எடுக்கிறான். கனவுகள் நின்றுவிட்டன. அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாள் என்னிடம்.

ஜீப்பில் திரும்பும்போது செல்வமுருகன், "ஏன் கூப்பிடல?" என்று கேட்டானாம். "தேவப்படல" என்றாளாம் சௌம்யா. அதற்குப் பிறகு அவனிடம் எப்போதாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கதையை எழுதியதும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். அவள் பெயரும் சௌம்யா இல்லை. அவள் கணவன் ஓட்டுவதும் ஜீப் இல்லை. பாதையில் அவள் விழுந்ததைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பக்கத்தை முழுவதுமாக அடித்தாள். அது ஐந்தாம் பகுதியில் இருந்தது. இப்போது அங்கே அவள் வாயால் சொன்னது மட்டும்தான் மிச்சம். அடித்த பக்கத்தைக் கிழித்து அவளே எடுத்துக்கொண்டாள்.

"முடிவ என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன். "தண்ணி வந்துச்சுன்னு எழுதவா, வரலைன்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே தைல மரங்களுக்கிடையில் பனி இறங்கி வந்துகொண்டிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"வந்துருச்சுன்னு எழுதுனா, நல்லதுன்னு சொல்லிட்டுப் போயிருவாக டீச்சர். வரலைன்னு எழுதுனா, பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாக. ரெண்டுலயும் போயிருவாக. முடிக்காதீங்க."

நான் முடிக்கவில்லை. நீங்களும் உடனே எழுந்து போய்விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.